மேசையில் ஆறு புத்தகங்கள்: எதில் தொடங்கலாம், எங்கே தட்டும்?

மைக்கூடு:

வணக்கம். அடுத்த சில மாதங்களுக்கென்று மேசையில் அடுக்கி வைத்திருப்பவை இவை: உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’, ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’, அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’, ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’, தாராசங்கர் பந்தோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ (த.நா.குமாரசாமி மொழிபெயர்ப்பு). ஆறிலும் முதல் முப்பது, நாற்பது பக்கம் பார்த்தாயிற்று. பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

‘18வது அட்சக்கோடு’ தடையே இல்லாமல் ஓடுகிறது, ஆனால் ஏதோ கைநழுவுகிறது. ‘கோபல்ல கிராமம்’ திண்ணைப் பேச்சுபோல இனிக்கிறது, கதை எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபடவில்லை. ‘புயலிலே ஒரு தோணி’ மெடான் தெருப் பெயர்களிலும் மலாய்ச் சொற்களிலும் தட்டுகிறது. ‘ஆழி சூழ் உலகு’ பக்கத்துக்கு ஐந்தாறு சொல்லாவது புரியாமல் போகிறது. ‘ஆரோக்கிய நிகேதனம்’ மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது, ஆனால் எது இப்போது நடப்பது, எது பழைய நினைவு என்று குழம்புகிறது. ‘என் சரித்திரம்’ செய்யுள் வரும் இடமெல்லாம் நின்றுவிடுகிறது.

எந்த வரிசையில் போகலாம்? வாசகர்கள் பொதுவாக எங்கே விட்டுவிடுகிறார்கள், ஏன்? கூட என்ன வைத்துக்கொள்ள வேண்டும்? முடிவுகளை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.


கரிசல்மழை:

‘கோபல்ல கிராமம்’ பற்றி முதலில். அதில் ‘கதை எங்கே போகிறது’ என்று தேடினால் ஏமாற்றம்தான். தொடக்கத்தில் நீர்க்கரையில் ஒரு கொலை, திருடன் பிடிபடுவது என்று விறுவிறுப்பாக நடக்கும். அந்த வேகத்தை எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்புகிறவர்கள், மூதாட்டி மங்கத்தாயாரு அம்மாள் தெலுங்கு தேசத்திலிருந்து புறப்பட்டு வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் புத்தகத்தின் உயிர் அங்கேதான். ஒரு கூட்டம் பயந்து ஓடிவந்து, காட்டை எரித்து நிலமாக்கி, ஊராகி, கும்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வருகிற காலம் வரை. இதில் ஊர்தான் கதாநாயகன். ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போக முடியாது.

இரண்டாவது சிக்கல் பெயர்கள். ஊரின் பெரிய குடும்பமான கோட்டையார் வீட்டு ஆட்களும் ஊர்க்காரர்களும் அக்கையா, மண்ணுதின்னி நாயக்கர் என்று பட்டப்பெயரோடு வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டிக் கதை இருக்கும். அந்த அத்தியாயங்களைத் தனித்தனிச் சிறுகதைகளாக, ஒரு வேளைக்கு இரண்டு மூன்று என்று படியுங்கள். அத்தனை பேரையும் நினைவில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை, கோவிந்தப்ப நாயக்கரையும் மங்கத்தாயாரு அம்மாளையும் பிடித்துக்கொண்டால் போதும். சொல் புரியவில்லை என்றால் கி.ரா. தொகுத்த ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ இருக்கிறது. உழவுக் கருவி, பயிர், மண் வகை சார்ந்த சொற்களுக்கு அதுபோல வேறில்லை. 1991-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது இதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’. விருதைப் பார்த்து அதிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்த ஊர் எதிலிருந்து தப்பி வந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

இனி ‘புயலிலே ஒரு தோணி’. இந்த ஆறில் எனக்கு உச்சமானது இதுதான், நுழைவதற்குக் கடினமானதும் இதுதான். மெடான், சுமத்ரா தீவில் இருக்கிற நகரம். கதை தொடங்குவது 1942-ல், டச்சுக்காரன் போய் ஜப்பான்காரன் நுழைகிற சமயம். தெருப் பெயரில் வரும் ‘ஸ்ட்ராட்’ டச்சு மொழியில் தெரு, அவ்வளவுதான். சீன முதலாளி ‘தவ்க்கே’, மரியாதை விளி ‘துவான்’. வட்டிக்கடைப் படிநிலை தெரிந்தால் பாதித் தடை விலகிவிடும்: ஊரில் இருக்கும் முதலாளி, அங்கே கடையை நடத்தும் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். சாதாரணக் குடும்பத்துப் பையன்கள் ஒப்பந்தக் கணக்கில் கப்பலேறிப் போன உலகம் அது. சிங்காரமே சிங்கம்புணரியிலிருந்து மெடான் போய்க் கடையில் வேலை பார்த்தவர். அதனால்தான் கடைப்பேச்சில் ஒரு எழுத்துகூடப் பொய்யாக ஒலிப்பதில்லை.

விட்டுவிடும் இடம் இரண்டு. ஒன்று, குடித்துக்கொண்டே நண்பர்கள் தமிழ்ச் சமூகத்தை, இலக்கியத்தை, வரலாற்றை அலசும் நீண்ட உரையாடல்கள். இன்னொன்று, நாயகன் பாண்டியனின் மனவோட்டத்தில் சொந்த ஊர்ச் சந்தையும் மதுரைத் தெருக்களும் பழம்பாடல் வரிகளும் முன்னறிவிப்பின்றிக் கலந்து வருவது. முதலாவதைத் தாண்டிப் போகலாமா என்று தோன்றும். போகாதீர்கள். பாண்டியன் பிறகு எடுக்கும் முடிவுகளுக்கு அங்கேதான் வேர் இருக்கிறது. இரண்டாவது வகைப் பத்திகளை நிறுத்தாமல் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். எந்த வரி எந்தப் பாட்டு என்று தேட ஆரம்பித்தால் ஓட்டம் அறுந்துவிடும். மெடான், பெலவான் துறைமுகம், பினாங்கு, சிங்கப்பூர் நான்கையும் ஒரு தாளில் குறித்துப் பக்கத்தில் வையுங்கள். தொங்கான் (சரக்குப் பாய்மரக் கப்பல்) கடலில் போகும் பகுதிக்கு வரும்போது அந்தத் தாள் அவசியம்.


நீவாடு:

நான் ‘ஆழி சூழ் உலகு’ பத்தி மட்டும் சொல்றேன்.

பக்கத்துக்கு ஐந்தாறு சொல் புரியலைன்னா அது இயல்புதான். அதுல மூணு வகைச் சொல் கலந்து வருது, பிரிச்சு வச்சுக்கிட்டா சுலபம். முதல் வகை காத்தும் நீரோட்டமும். வாடைன்னா வடகாத்து, கொண்டல் கீழ்காத்து, கச்சான் மேல்காத்து, சோழகம் தென்காத்து. நீவாடுன்னா நீரோட்டம். இந்த அஞ்சையும் மனசுல ஏத்திக்கிட்டா கடல் காட்சியெல்லாம் தெளிவாயிடும், ஏன்னா எந்தக் காத்து எந்த நீவாடுங்கிறதை வச்சுத்தான் மரம் எந்தப் பக்கம் தள்ளிப் போகும்னு அவங்க கணக்குப் போடுவாங்க. இங்க ‘மரம்’னா கட்டுமரம். இரண்டாவது வகை கோயில் சொற்கள்: உபதேசியார் (வேதம் சொல்லித்தர்றவர்), கெபி (மாதா சிலை வைக்கிற குகை), சம்மனசு (தேவதூதர்), பூசை (திருப்பலி). கடலோரக் கத்தோலிக்க ஊர்கள்ல அன்றாடம் புழங்குற சொற்கள்தான். மூணாவது வகை வலை, தூண்டில், மீன் பேர்கள். இதை மட்டும் ஒண்ணொண்ணா தேட வேண்டாம். எது பெரிய மீன், எது வலையை நாசம் பண்ணும்ங்கிறது அந்தக் காட்சியிலேயே புரிஞ்சிடும்.

அமைப்பு இன்னும் முக்கியம். நடப்புக் காலம் 1985. புயல்ல சிக்கின மூணு பேர், கோத்ரா, சூசை, சிலுவை, மூணு தலைமுறை மாதிரி, நடுக்கடல்ல தத்தளிக்கிறாங்க. கதை அங்கிருந்து 1933-க்குப் போயி ஆமந்துறை ஊரோட வரலாறா மேலே ஏறி வருது. படிக்கிறவங்க குழம்புறது இந்தத் தாவல்லதான். ஒரு அரைத்தாள் எடுத்துப் பேர், யார் பிள்ளை, எந்தக் காலத்துல வர்றார்னு மூணே பத்தி போடுங்க. முதல் நூறு பக்கத்துல இருபது பேருக்கு மேல வந்துடுவாங்க. ஊர்ல ஒரே பேர்ல பலபேர் இருக்கிறதால அப்பா பேரைச் சேர்த்து எழுதுங்க. நூறு பக்கத்துக்கு அப்புறம் தாளைப் பார்க்கிற வேலையே இருக்காது.

ஒரு நாளைக்குக் குறைஞ்சது முப்பது பக்கமாவது தொடர்ச்சியா போங்க. பத்துப் பத்துப் பக்கமா படிச்சா இந்த நாவல் கைக்கு வராது, ஒவ்வொரு தடவையும் காதைப் பழக்கவே பத்துப் பக்கம் போயிடும். சாவு நிறைய வரும். அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கணும். கடல் தொழில் பண்ற ஊருக்கு அது அன்றாடம்ங்கிறதை இவ்வளவு நேரா தமிழ்ல வேற யாரும் எழுதலைன்னு நான் உறுதியா சொல்வேன்.


ஓலைக்கட்டு:

‘என் சரித்திரம்’ இந்த அடுக்கில் தனி இனம். மற்ற ஐந்தோடு வரிசையில் வைக்காதீர்கள், கூடவே ஓட விடுங்கள். காரணம் எளிது. அது ஆனந்த விகடனில் 1940 தொடக்கம் முதல் வாரந்தோறும் வந்த தொடர். மொத்தம் 122 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் தன்னளவில் முடியும்படி எழுதப்பட்டவை. நாளுக்கு இரண்டு என்று வைத்தால் அறுபத்தொரு நாள். ஒரே மூச்சில் நூறு பக்கம் படிக்கிறவர்களுக்குத்தான் அது சலிக்கிறது. இரவில் இரண்டே அத்தியாயம் படிக்கிறவர்களுக்குச் சலிப்பதில்லை.

தட்டும் இடங்கள். முதல் சில அத்தியாயங்களில் உத்தமதானபுரம், முன்னோர், தந்தை வேங்கடசுப்பையர், அவருடைய குரு கனம் கிருஷ்ணையர் என்று போகும். ‘தமிழ்த் தாத்தா எப்போது வருவார்’ என்று காத்திருப்பவர்கள் இங்கேயே மூடிவிடுகிறார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சைப் பகுதிக் கிராமத்தில் சாப்பாடு, சம்பளம், கடன், கல்யாணச் செலவு எப்படி நடந்தது என்பதற்கு இதைவிட நேரடியான பதிவு கிடைப்பது அரிது. பையனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடிக் குடும்பமே ஊர் ஊராக இடம் மாறுகிறது, அதையெல்லாம் படித்த பிறகே 1871-ல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் முன்னால் போய் நிற்கும் காட்சிக்குக் கனம் வருகிறது.

செய்யுள் வரும் இடத்துக்கு என் யோசனை: முதல் வாசிப்பில் செய்யுளைப் பிரித்துப் பொருள் காண உட்காராதீர்கள். ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கீழே போங்கள். கதைக்குத் தேவையான கருத்தை அவரே அடுத்த பத்தியில் பெரும்பாலும் சொல்லிவிடுவார். ஆனால் படித்த நூல்களின் பட்டியல்கள் வருமே, இன்ன அந்தாதி, இன்ன பிள்ளைத்தமிழ், இன்ன கோவை, இன்ன தலபுராணம் என்று, அவற்றைத் தாண்டாதீர்கள். எல்லாரும் தாண்டுவது அதைத்தான். பாதி தாண்டி வெகுதூரம் போன பிறகு, 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் வந்து, என்ன படித்திருக்கிறீர் என்று கேட்பார். இவர் அந்தப் பட்டியலை ஒப்பிப்பார். முதலியார் அசையவே மாட்டார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்பார். நீங்கள் அந்தப் பட்டியல்களோடு இருந்து வந்திருந்தால் மட்டுமே அந்தக் கேள்வி உங்கள் மேலும் விழும்.

அதற்குப் பின் நடை மாறுகிறது. ஏடு தேடுவது, பிரதிகளை ஒப்பிடுவது, சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய பழைய உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் திகைப்பது, சமண மரபு புரியாமல் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிவது. பதிப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி பொக்கிஷம். தேதிகளை ஓரத்தில் குறித்துக்கொண்டால் அலைச்சலின் அளவு தெரியும்: சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இவ்வளவும் கல்லூரி வேலை பார்த்துக்கொண்டே!

சின்னக் குழப்பம் ஒன்று. அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன், வீட்டில் சாமா. சாமிநாதன் என்று நிலைத்தது பிள்ளையிடம் போன பிறகு. முன் அத்தியாயங்களில் யாராவது வேறு பெயர் சொல்லி அழைத்தால் அது இவர்தான். மடத்துச் சொற்களில் பண்டார சன்னிதி என்றால் ஆதீனத் தலைவர், தம்பிரான் என்றால் மடத்துத் துறவி. இவை இரண்டும் தெரிந்தால் திருவாவடுதுறைப் பகுதி தடுக்காது.

1942 ஏப்ரலில் அவர் மறைந்ததால் நூல் முடிவு பெறாமல் நிற்கிறது, சென்னைக்கு மாறிய வாழ்க்கை இதில் இல்லை. அதற்கு மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ இருக்கிறது. பிள்ளையைப் பற்றி மேலும் வேண்டுமானால் உ.வே.சா. இரண்டு பாகமாக எழுதிய வரலாறே உண்டு. ஆனால் அதை இப்போது அடுக்கில் சேர்க்காதீர்கள்.


அடிக்கோடு:

மேலே மூவரும் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. கரிசல் அகராதி விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ‘கோபல்ல கிராம’த்துக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது அந்தக் குரலைக் கெடுத்துவிடும். கி.ரா. சொல்லும்போதே விளக்கிக்கொண்டு போகிறவர், பத்துச் சொல்லில் எட்டு அடுத்த வரியிலேயே புரிந்துவிடும். முடித்த பிறகு, புரியாமல் நின்ற சொற்களை மட்டும் பாருங்கள்.

‘18வது அட்சக்கோடு’ கைநழுவுவதற்குக் காரணம் வேகம். எளிய வாக்கியங்கள் என்பதால் மணிக்கு நாற்பது பக்கம் போய்விடலாம். ஆனால் அசோகமித்திரன் பெரிய நிகழ்ச்சியை ஒரு துணைவாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டுக்கோ கல்லூரிக்கோ வீட்டுக் கவலைக்கோ நகர்ந்துவிடுவார். சந்திரசேகரன் என்ற அந்தப் பையனுக்கு உலகம் அப்படித்தான் வந்து சேர்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், மணிக்கு இருபது பக்கம். கூடவே நான்கு தேதி வேண்டும்: 1947 ஆகஸ்ட் 15, அதே ஆண்டு நவம்பரில் ஹைதராபாத் நிஜாம் இந்தியாவோடு செய்துகொண்ட ‘உள்ளது உள்ளபடி’ ஒப்பந்தம், காந்தி கொல்லப்பட்ட 1948 ஜனவரி 30, பிறகு 1948 செப்டம்பர் 13 முதல் 17 வரை இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் வந்த நாட்கள். ரஜாக்கர்கள் காசிம் ரஸ்வி தலைமையில் இயங்கிய ஆயுதக் குழு. செகந்திராபாத் வெள்ளைக்காரனின் ராணுவக் குடியிருப்பாக வளர்ந்த ஊர், ஹைதராபாத் நிஜாமின் தலைநகர், நடுவில் ஹுசைன் சாகர் ஏரி. எந்தத் தெரு எந்தப் பக்கம் என்பதே அந்த மாதங்களில் உயிர்ப் பிரச்சினை. இதைத் தெரிந்துகொண்டால், பையன் சைக்கிளில் போவதை விவரிக்கும் சாதாரண வரியில்கூட அடிவயிறு கலங்கும்.

‘ஆரோக்கிய நிகேதன’த்துக்கு மூன்று தலைமுறையை எழுதிக்கொள்ளுங்கள்: தாத்தா தீனபந்து, அப்பா ஜகத்பந்து, இப்போது கிழவராக இருக்கும் ஜீவன் மஷாய். மஷாய் என்பது மரியாதை ஒட்டு, குடும்பப் பெயர் அன்று. நாடி பார்த்து மரணத்தை முன்கூட்டிச் சொல்லும் கிழவருக்கும், ஊருக்குப் புதிதாக வந்த இளம் டாக்டர் பிரத்யோத்துக்கும் இடையிலான உரசல்தான் நிகழ்காலம். ரங்கலால் டாக்டர் பெயர் வந்தால் அது பழைய காலம், ஜீவன் அலோபதி கற்கப் போன நாட்கள். காலத் தாவலுக்கு இந்த ஒரு அடையாளமே போதும். பழைய வைத்தியம் நல்லது, புதிய வைத்தியம் கெட்டது என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதாக நினைத்துப் படித்தால் பாதியில் கோபம் வரும். அப்படி எதுவும் இல்லை. ஜீவன் தவறும் இடமும் உண்டு, பிரத்யோத் காப்பாற்றும் உயிரும் உண்டு. 1956-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். குமாரசாமியின் மொழிபெயர்ப்பு சற்றே பழைய நடையில் இருக்கும், இருபது பக்கத்தில் பழகிவிடும்.

வரிசை என்று கேட்டால்: ‘கோபல்ல கிராமம்’ முதலில், காதைத் திறந்துவிடும். அடுத்து ‘புயலிலே ஒரு தோணி’, உடனே ‘18வது அட்சக்கோடு’. இந்த இரண்டையும் ஒட்டியே படியுங்கள். 1942-லிருந்து 1948 வரை, ஒரே காலத்தின் முன்பாதியும் பின்பாதியும் இரண்டு வெவ்வேறு தமிழ் இளைஞர்களின் கண் வழியாகக் கிடைக்கும், இருவரும் தமிழ்நாட்டுக்கு வெளியே. பிறகு ‘ஆரோக்கிய நிகேதனம்’. ‘ஆழி’ கடைசியில், தொடர்ச்சியாக நேரம் கிடைக்கும் வாரத்துக்கு. ‘ஆழி’க்கும் ‘ஆரோக்கிய நிகேதன’த்துக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள், இரண்டிலும் மரணம் கனமாக இருக்கிறது.


மைக்கூடு:

மிக்க நன்றி. வரைபடத் தாளும் பெயர்த் தாளும் இன்றே போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். சிங்காரத்தின் இன்னொரு நாவலான ‘கடலுக்கு அப்பால்’ படித்துவிட்டுத்தான் ‘புயலிலே ஒரு தோணி’க்குப் போக வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அவசியமா?


கரிசல்மழை:

அவசியம் இல்லை, ஆனால் தட்டுகிறது என்கிறவர்களுக்கு நல்ல வழி. ‘கடலுக்கு அப்பால்’ 1959-ல் புத்தகமாக வந்தது, அளவில் சிறியது. களம் பினாங்கு, காலம் போர் முடிகிற சமயம். செல்லையா, முதலாளி வயிரமுத்துப் பிள்ளை, அவர் மகள் மரகதம் என்று ஆட்கள் குறைவு, கதையும் நேர்கோடு. இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பிய பையன் மறுபடியும் கடைக் கணக்குக்குள் பொருந்த முடியுமா என்பதுதான் அதன் கேள்வி. கடைப்பேச்சும் மலாய்ச் சொற்களும் அதிலேயே பழகிவிடும். இரண்டு மூன்று மாலையில் முடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ‘புயலிலே ஒரு தோணி’ 1972-ல்தான் அச்சானது, நடையில் அது வெகுதூரம் முன்னே போனது. ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் அமைதியை அதிலும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போட்ட பதிப்பும் உண்டு. உங்கள் கையில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள், தனியாக இன்னொன்று வாங்க வேண்டியதில்லாமல் இருக்கலாம். தொகுப்பாக இருந்தால் கனம் அதிகம், பசை ஒட்டிய கட்டு முதுகில் விரிசல் விடும். படிக்கும் முன் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் இருபது இருபது பக்கமாக மெல்லத் திறந்து அழுத்தி, நடுப்பகுதிக்கு வந்து முடியுங்கள். பிறகு தாள் கழன்று வராது.